அப்பா அனுப்பிய எண்: 12345654321

இன்னைக்கு ஒரே ஒரு எண்ணைப் பத்தித்தான் பேசப்போறோம். பக்கத்துல பேனா, பேப்பர் இருந்தா எடுத்து வெச்சுக்கோங்க. ஆடியோவுல வாயால சொன்ன கணக்குகளை இந்த எழுத்து வடிவத்துல எண்ணாவே போட்டிருக்கேன்.

எண் இதுதான்: 12345654321. ஆயிரத்து இருநூற்று முப்பத்து நாலு கோடியே ஐம்பத்தாறு லட்சத்து ஐம்பத்து நாலாயிரத்து முந்நூற்று இருபத்தொன்று. இடமிருந்து படிச்சாலும் வலமிருந்து படிச்சாலும் அதே எண். இங்கிலீஷ்ல பாலிண்ட்ரோம்னு சொல்வோம். கோடிங் கத்துக்கிட்ட எல்லாரும் முதல் மாசமே இதுக்கு ஒரு புரோகிராம் எழுதியிருப்பீங்க. தமிழ்ல இதுக்கு இன்னும் அழகான பேர் இருக்கு: மாலைமாற்று. 'விகடகவி', 'தேரு வருதே' எல்லாம் சின்ன வயசுல விளையாடினதுதான். 7ஆம் நூற்றாண்டுல திருஞானசம்பந்தர் ஒரு பதிகத்தையே இப்படி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வாசிக்கிற மாதிரி பாடியிருக்கார். அந்தப் பதிகத்தோட பேரே 'திருமாலைமாற்று'. அந்த 'மாலை'ங்கிற சொல்லை மட்டும் ஞாபகத்துல வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

இந்த எண் என்கிட்ட வந்தது எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப் வழியா. அனுப்பினது எங்க அப்பா.

அப்பா திருமங்கலம் பக்கத்துல ஒரு கூட்டுறவு சங்கத்துல கணக்கரா இருந்து ரிட்டயர் ஆனவர். இன்னைக்கும் மளிகை பில்லை வாங்கினதும் மனசுக்குள்ள ஒரு தடவை கூட்டிப் பாத்துட்டுத்தான் காசு கொடுப்பார். அவர் ஃபார்வர்டு பண்ண மெசேஜ்ல இருந்தது இதுதான். 5000 ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் கண்ட தெய்வீக எண், 27994681-ஐ 441ஆல் பெருக்கினால் 12345654321 வரும், வெளிநாட்டு விஞ்ஞானிகளே அதிர்ச்சி அடைந்தார்கள், எழுதிப் பர்ஸில் வைத்தால் பணம் தங்கும். கீழே கும்பிடு எமோஜி வரிசையா.

நான் அப்போ ஒரு ரிலீஸ் டென்ஷன்ல இருந்தேன். படிச்ச அஞ்சாவது செகண்டுல பதில் போட்டேன்: 'அப்பா, இதெல்லாம் ஃபேக். தயவுசெஞ்சு ஷேர் பண்ணாதீங்க.' கூடவே ஒரு சிரிக்கிற எமோஜி. நாப்பது பேர் இருக்கிற குரூப். சித்தப்பா பையன் அதுக்கு ஒரு ஹார்ட் போட்டான். அப்பா எதுவும் சொல்லல. அதுக்கப்புறம் அவர் அந்த குரூப்ல ஒரு குட் மார்னிங் கூட போடல.

நான் பண்ணாத ஒண்ணு இருக்கு. போன்ல கால்குலேட்டரைத் திறந்து அந்த ரெண்டு எண்ணையும் பெருக்கிப் பாக்கல. பத்து செகண்டு வேலை.

சில மாசம் கழிச்சு, இந்தியக் கணித வரலாறு பத்தி ஒரு எபிசோடுக்காகப் படிச்சிட்டிருந்தேன். அப்போ 1912இல் சென்னை அரசு அச்சகம் அச்சிட்ட ஒரு பழைய புத்தகம் கண்ணுல பட்டது. அதுல பெருக்கல் பகுதியில அதே 27994681, அதே 441, அதே விடை. கைகால் ஒரு மாதிரி ஆயிடுச்சு. பெருக்கல் சரி. அப்பா அனுப்பினதுல ஒரு பாதி உண்மை.

சரி, அந்தப் புத்தகத்துக்குப் போவோம்.

பேரு கணித சார சங்கிரகம். எழுதினவர் மகாவீரர், அல்லது மகாவீராசாரியார். சமண மதத்தோட தீர்த்தங்கரர் மகாவீரர் வேற, இவர் வேற. இவரும் சமணர்தான், ஆனா வாழ்ந்தது 9ஆம் நூற்றாண்டுல, இன்றைய கர்நாடகப் பகுதியில. ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் ஆட்சிக்காலம். தலைநகரம் மான்யகேடம், இப்போ கலபுரகி மாவட்டத்துல மால்கேட்னு ஒரு ஊரா இருக்கு. நூலோட தொடக்கத்துலேயே மகாவீரர் அந்த மன்னனைப் புகழ்கிறார். நூல் எழுதப்பட்டது சுமார் கி.பி. 850. அதாவது 5000 வருஷம் இல்ல, ஏறக்குறைய 1175 வருஷம். அதுவே சின்ன காலம் இல்லையே! எதுக்கு கூட நாலாயிரம் சேக்கணும்?

இந்த நூலுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அதுக்கு முன்னாடி ஆரியபட்டர், பிரம்மகுப்தர் எல்லாம் கணிதத்தை வானியல் நூல்களுக்குள்ள ஒரு அத்தியாயமா வெச்சாங்க. மகாவீரர் கிரகங்களை விட்டுட்டு, கணிதத்துக்கு மட்டுமே ஒரு முழு நூல் எழுதினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமஸ்கிருதச் செய்யுள்கள். தொடக்கத்துல கணக்கு எதுக்கெல்லாம் உதவும்னு ஒரு பட்டியல் போடறார்: இசை, நாடகம், சமையல், மருத்துவம், கட்டடக்கலைன்னு போகுது. எங்க காலேஜ்ல முதல் செமஸ்டர் கணக்கு கிளாஸ்ல இதை யாராவது சொல்லியிருந்தா நான் கடைசி பெஞ்சுல உக்காந்திருக்க மாட்டேன்.

எண்களோட இடங்களுக்கு ஒன்று, பத்து, நூறுன்னு பேர் வெச்சு 24 இடம் வரைக்கும் போறார். அதாவது 1 போட்டு 23 பூஜ்யம் வரைக்கும் அவர்கிட்ட பேர் இருக்கு. அவ்வளவு பெரிய எண்களோட பழகின மனுஷன், பெருக்கலைச் சொல்லிக் கொடுக்கும்போது சில விசேஷமான கணக்குகளைத் தர்றார். கொஞ்சம் பாருங்க:

139 × 109 = 15151
152207 × 73 = 11111111
12345679 × 9 = 111111111
142857143 × 7 = 1000000001
14287143 × 7 = 100010001
333333666667 × 33 = 11000011000011
27994681 × 441 = 12345654321

எல்லா விடையும் மாலைமாற்று. இந்த மாதிரி எண்களை அவர் கழுத்தணின்னு சொல்றார். சமஸ்கிருதத்துல கண்டிகா. தமிழ்லயும் கண்டிகைன்னா கழுத்துல போடற ஆரம்தான். நடுவுல பெரிய மணி, ரெண்டு பக்கமும் படிப்படியா சின்ன மணிகள். நாம மாலைன்னு சொன்னதை அவர் ஆரம்னு சொன்னார். சொல்லுல செஞ்சாலும் எண்ணுல செஞ்சாலும் மனுஷங்களுக்கு ஒரே உருவம்தான் தோணியிருக்கு.

12345654321-ஐ அவர் இலக்கம் இலக்கமா அடுக்கல. 1இல் தொடங்கி 6 வரை ஏறி, பிறகு வரிசையா இறங்குகிற எண்ணுன்னு விவரிக்கிறார். இது ஒரு புரோகிராமர் யோசிக்கிற முறை. டேட்டாவைத் தராம, அதை உருவாக்கற விதியைத் தர்றார்.

இப்போ திரும்ப எங்க வீட்டுக்கு. அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். சாப்பிட்டு முடிச்சதும் திண்ணையில உக்காந்திருந்த அப்பாகிட்ட, "அப்பா, அன்னைக்கு நீங்க அனுப்பின பெருக்கல் சரிதான். புத்தகத்துலயே இருக்கு. நான்தான் பாக்காமச் சொல்லிட்டேன்"னு சொன்னேன்.

அவர் நிமிர்ந்து பாத்துட்டு, "அது சரின்னு எனக்குத் தெரியும்ப்பா. போட்டுப் பாத்துட்டுத்தான் அனுப்பினேன்"னார்.

எழுந்து உள்ள போய் ஒரு பழைய டைரியை எடுத்துட்டு வந்தார். அதுல ஒரு பக்கம் முழுக்கப் பென்சில்ல கணக்கு. நான் எதிர்பாத்த மாதிரி 441ஆல் நேரா பெருக்கல. முதல்ல 27994681-ஐ 21ஆல் பெருக்கியிருந்தார்: 587888301. அந்த விடையை இன்னொரு தடவை 21ஆல் பெருக்கியிருந்தார்: 12345654321. "441னா இருபத்தொண்ணு இருபத்தொண்ணு. 21ஆல் பெருக்கறது சுலபம். ரெண்டு மடங்கு போட்டு ஒரு பூஜ்யம் சேத்து, மேல ஒரு தடவை கூட்டினா முடிஞ்சுது. சங்கத்துல வட்டிக் கணக்கெல்லாம் இப்படித்தான் போடுவோம்."

அந்த டைரிப் பக்கத்தைப் பாத்ததும்தான் எனக்கு இந்த எண்ணோட கதவு திறந்தது. 441 ஒரு வர்க்க எண், 21 × 21. அப்போ 27994681? அதுவும் வர்க்கம்தான்! 5291 × 5291. ரெண்டு வர்க்கத்தைப் பெருக்கினா வர்றதும் வர்க்கம். 21 × 5291 = 111111. அதாவது ஆறு ஒண்ணு.

இந்த எண்ணோட ரகசியம் இதுதான்: 111111 × 111111 = 12345654321.

ஏன் இப்படி ஏறி இறங்குது? பள்ளிக்கூட முறையில பெருக்கிப் பாருங்க. 111111-ஐ ஆறு வரிசை எழுதணும், ஒவ்வொரு வரிசையையும் ஒரு இடம் தள்ளி. கூட்டும்போது கடைசி இடத்துல ஒரே ஒரு 1 இருக்கும். அடுத்த இடத்துல ரெண்டு. அப்புறம் மூணு, நாலு, அஞ்சு, நடுவுல ஆறு. அதுக்கப்புறம் வரிசைகள் ஒவ்வொண்ணா தீர்ந்துபோறதால அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு. எந்த இடத்துலயும் கூட்டுத்தொகை 9ஐத் தாண்டல. அதனால மீதி எடுத்து அடுத்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டிய வேலையே இல்ல. அந்த அமைதிதான் மாலையைக் கலைக்காம வெச்சிருக்கு.

அம்மா அன்னைக்குப் போட்டிருந்த புள்ளிக்கோலம் வாசல்ல இருந்தது. அது மாதிரி ஒரு கோலத்துக்கு 1, 2, 3, 4, 5, 6, 5, 4, 3, 2, 1னு புள்ளி வெச்சுப் பாருங்க. மொத்தம் எத்தனை புள்ளி? 36. ஏன்னா அது 6 × 6 சதுரம்தான், மூலையில நிக்க வெச்சிருக்கு, அவ்வளவுதான். நம்ம எண்ணோட இலக்கங்களைக் கூட்டினாலும் அதே 36.

ஒண்ணுகளோட எண்ணிக்கையை ஏத்திட்டே போனா? ஒன்பது ஒண்ணு வரைக்கும் மாலை நிக்கும்: 111111111 × 111111111 = 12345678987654321. பத்து ஒண்ணு வெச்சீங்கன்னா நடு இடத்துல 10 வந்துடும், ஒண்ணு பக்கத்து இடத்துக்குத் தாவும், ஆரம் அறுந்துடும்: 1234567900987654321.

அப்போ மகாவீரர் ஏன் ஒன்பது வரைக்கும் போகாம ஆறுல நிறுத்தினார்? இது என் யூகம். 111111-ஐப் பகாக் காரணிகளாப் பிரிச்சா 3 × 7 × 11 × 13 × 37. எல்லாம் சின்னச் சின்ன எண்கள். இஷ்டத்துக்கு ரெண்டு கூறாப் பிரிச்சு ஒரு பெருக்கல் கணக்கு தயார் பண்ணலாம். 3ஐயும் 7ஐயும் ஒரு பக்கம் வெச்சா 21, மிச்சம் 5291. ஒன்பது ஒண்ணுக்குப் போனா 333667னு ஒரு பெரிய பகா எண் குறுக்க வந்து நிக்கும். வாத்தியாருக்குக் கணக்கு தயார் பண்ண ஆறுதான் வசதி.

இன்னொரு யூகமும் இருக்கு. அந்தக் காலத்துல கணக்கு போட்டது பலகையில மண் தூவி, விரலால எழுதி அழிச்சு அழிச்சு. நடுவுல எங்க தப்பு பண்ணோம்னு திரும்பிப் பாக்க வழி இல்ல. ஆனா இந்த மாதிரி கணக்கைக் கொடுத்தா, விடை சரியான்னு மாணவனுக்கே தெரிஞ்சுடும். ஒரு இடத்துல சறுக்கினாலும் மணி வரிசை கலைஞ்சு காட்டிக்கொடுத்துடும். கோட்ல நாங்க எழுதற டெஸ்ட் கேஸ் மாதிரி. அழகுக்காக மட்டும் வெச்ச ஆரம்னு எனக்குத் தோணல.

செய்யுளுக்கும் இது பொருத்தம். பழைய சமஸ்கிருத நூல்கள்ல இலக்கத்துக்குப் பதிலா சொல் வைப்பாங்க: நிலான்னா 1, கண்ணுன்னா 2, நெருப்புன்னா 3, ஆகாயம்னா பூஜ்யம். அப்படிச் சொல்லும்போது ஒன்றாம் இடத்துல இருந்து தொடங்கி, வலமிருந்து இடமா எழுதணும். எந்தப் பக்கம் இருந்து தொடங்கணும்னு குழம்பினாலும் கெட்டுப்போகாத எண் ஒண்ணு உண்டுன்னா, அது மாலைமாற்றுதான்.

இங்க ஒரு முக்கியமான விஷயம். மாலைமாற்றுங்கிறது அந்த அளவோட குணமா, இல்ல நாம எழுதற முறையோட குணமா?

நம்ம பழைய தமிழ் எண்களையே எடுத்துக்கோங்க. அதுல பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲னு தனித்தனிக் குறி உண்டு. பழைய முறைப்படி 121-ஐ எழுதினா ௱௨௰௧. அதாவது நூறு, ரெண்டு பத்து, ஒண்ணு. திருப்பிப் போட்டா வேற மாதிரி ஆயிடும். மாலை அங்க கண்ணுக்கே தெரியாது. ரோமன் எண்கள்லயும் இதே கதைதான். ஒவ்வொரு இலக்கத்துக்கும் அது நிக்கிற இடத்தால மதிப்பு வர்ற இடமதிப்பு முறை, கூடவே காலி இடத்தைக் காக்கிற பூஜ்யம், இது ரெண்டும் கையில நல்லாப் பழகின பிறகுதான் ஒருத்தர் 1000000001-ஐப் பாத்து 'ஆரம்'னு சொல்ல முடியும். மகாவீரரோட மாலைகள் எனக்குச் சொல்ற வரலாறு இதுதான்: 9ஆம் நூற்றாண்டுல இடமதிப்பு இங்க விளையாடற அளவுக்குச் சொந்தமாயிடுச்சு.

கம்ப்யூட்டர் பாக்கற மாதிரி அதே எண்ணை இரும முறையில எழுதினா 34 இலக்கம் வரும். தொடக்கம் 1011, முடிவு 0001. மாலை காணாமப் போச்சு. ஆனா வர்க்கம்ங்கிற குணம் போகாது. 243 வகுத்திகள் இருக்குங்கிற குணமும் போகாது. அது அந்த அளவோட சொத்து, எந்த முறையில எழுதினாலும் கூடவே வரும்.

அதே சமயம் அந்த ஏறி இறங்கற வடிவம் பத்துக்கு மட்டும் சொந்தமும் இல்ல. ஏழை அடிமானமா வெச்சு எண்ணினாலும், பதினாறை வெச்சு எண்ணினாலும், அந்த முறையில ஆறு ஒண்ணோட வர்க்கம் 1, 2, 3, 4, 5, 6, 5, 4, 3, 2, 1ன்னுதான் எழுதப்படும். அளவு வேற, உருவம் அதே. ஏழுக்குக் கீழ போனா 6ங்கிற இலக்கமே கிடையாது, அங்க அறுந்துடும்.

இப்போ இந்த நூல் நம்ம கைக்கு எப்படி வந்ததுன்னு பாப்போம். 11ஆம் நூற்றாண்டுவாக்கில் பாவுலூரி மல்லனா இதைத் தெலுங்குல செய்யுளாக்கினார். தென்னிந்தியாவுல நூல் வழக்கத்துல இருந்திருக்கு. ஆனா நவீன உலகத்துக்கு இது தெரிய வந்தது சென்னை வழியாத்தான். மாநிலக் கல்லூரியில சமஸ்கிருதப் பேராசிரியரா இருந்தவர் எம். ரங்காச்சார்யா. அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் அவர் பொறுப்புல இருந்தது. பழைய கணித நூல் ஏதாவது இருக்கான்னு கல்வித்துறை இயக்குநர் கேட்க, அவர் தேட ஆரம்பிச்சார். நூலகத்துல முதல்ல கிடைச்சவை முழுமையில்லாத பிரதிகள். அதுல ஒண்ணு கிரந்த எழுத்துல, அதாவது தமிழ்நாட்டுல சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட எழுத்துல இருந்தது. அப்புறம் மைசூர்ல இருந்தும், மூடபித்ரி சமண மடத்துல இருந்தும் வேற பிரதிகள் வந்தன. எல்லாத்தையும் ஒப்பிட்டு, மூலத்தோட ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்து 1912இல் வெளியிட்டார். அறிமுகம் எழுதினவர் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கணித வரலாற்று ஆசிரியர் டேவிட் யூஜின் ஸ்மித்.

அதே 1912 மார்ச்லதான் சென்னைத் துறைமுகத்துல ராமானுஜன்னு ஒரு இளைஞர் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தார். ரெண்டுக்கும் தொடர்பு இருந்ததுன்னு நான் சொல்ல வரல. ஒரே ஊர், ஒரே வருஷம், அவ்வளவுதான்.

ஃபார்வர்டு மெசேஜ்ல 'முன்னோர்'னு ஒத்தை வார்த்தையில முடிச்ச இடத்துல, உண்மையில இத்தனை மனுஷங்க இருக்காங்க. கணக்கை உருவாக்கின ஒருத்தர், தெலுங்குல பாடின ஒருத்தர், பேர் தெரியாம ஓலையைப் படியெடுத்த பலர், பொறுமையா ஒப்பிட்டுப் பாத்த ஒரு பேராசிரியர். 'தெய்வீகம்'னு சொல்லிட்டா இவங்க வேலை எல்லாம் மறைஞ்சுபோகுது.

மகாவீரர் எல்லாத்தையும் சரியாச் சொன்னாரா? இல்ல. ஒரு எண்ணைப் பூஜ்யத்தால வகுத்தா அந்த எண் மாறாம அப்படியே இருக்கும்னு எழுதினார். இன்னைக்கு அதை என் கோட்ல எழுதினா புரோகிராம் எர்ரர் அடிச்சு நின்னுடும். பிரம்மகுப்தரும் அவருக்கு முன்னாடி பூஜ்ய வகுத்தல்ல தடுமாறினவர்தான். அதே மகாவீரர், குறை எண்ணுக்கு வர்க்கமூலம் கிடையாது, ஏன்னா எந்த வர்க்கமும் குறை எண் ஆகாதுன்னு தெளிவாச் சொன்னார். அவர் அறிஞ்ச எண்களுக்கு அது அப்பழுக்கில்லாத வாதம். ஒரே மனுஷன், ஒரே நூல், ஒண்ணு தப்பு, ஒண்ணு சரி. எங்க ஆபீஸ்ல சீனியர் எழுதின கோடையும் ரிவ்யூ பண்ணித்தான் சேர்ப்போம். அதுல மரியாதைக் குறைவு ஒண்ணும் இல்ல. படிச்சுப் பாக்காம 'சூப்பர் சார்'னு போறதுதான் மரியாதைக் குறைவு. படிச்சுப் பாக்காம 'ஃபேக்'னு போறதும் அதேதான். நான் பண்ணது அது.

மர்மம் சேக்கறது நம்ம ஊர் வாட்ஸ்அப்போட மட்டும் நிக்கல. 1000000000000066600000000000001னு ஒரு எண் இருக்கு. 31 இலக்கம். நடுவுல 666, ரெண்டு பக்கமும் பதிமூணு பதிமூணு பூஜ்யம், ஓரத்துல 1. இதுவும் மாலைமாற்று, அதோட பகா எண்ணும் கூட. இரட்டைப்படை எண்ணிக்கையில இலக்கம் உள்ள மாலைமாற்று எண் எல்லாமே 11ஆல் வகுபடும். அதனால 11ஐத் தவிர அந்த வகையில பகா எண்ணே கிடையாது. இதுக்கு 31 இலக்கம் இருந்ததால தப்பிச்சது. இதைக் கண்டுபிடிச்சவர் அமெரிக்கர் ஹார்வி டப்னர், தொழில்ல பொறியாளர். மேற்கத்திய நம்பிக்கையில 666 சாத்தானோட எண், 13 ராசியில்லாத எண். அதனால கிளிஃபோர்ட் பிக்கோவர்ங்கிற எழுத்தாளர் இதுக்கு ஒரு பேயோட பேரை வெச்சார்: பெல்பெகோர் பகா எண். மான்யகேடத்துல ஆரம், அமெரிக்காவுல பேய். எண்ணு ரெண்டு இடத்துலயும் சும்மாதான் இருந்தது. யாரு எதைப் பாக்கத் தயாரா இருந்தாங்களோ அதைப் பாத்தாங்க. பேர் வைக்கறது விளையாட்டு, அது தப்பில்ல. பேர் வெச்ச பிறகு பெருக்கிப் பாக்கறதை விட்டுடறோமே, அங்கதான் சிக்கல்.

பொங்கல் முடிஞ்சு சென்னைக்கு பஸ் ஏறினதும் குடும்ப குரூப்ல ஒரு மெசேஜ் போட்டேன். 'அப்பா அனுப்பிய பெருக்கல் சரி. மகாவீரர் என்ற கணித அறிஞர் சுமார் கி.பி. 850இல் எழுதியது. சரிபார்க்காமல் ஃபேக் என்று நான் சொன்னது தப்பு. 5000 ஆண்டு என்பதும் பர்ஸில் பணம் தங்கும் என்பதும் மட்டும் சரியில்லை.' அதோட அப்பாவோட டைரிப் பக்கத்தை போட்டோ எடுத்து வெச்சிருந்ததையும் சேத்துப் போட்டேன். சித்தப்பா பையன் அதுக்கும் ஒரு ஹார்ட் போட்டான்.

அப்பா குரூப்ல பதில் போடல. எனக்குத் தனியா போன் பண்ணார். "ஏம்ப்பா, ஆறு ஒண்ணு அவ்வளவு சுலபமாப் பிரியுதே. ஏழு ஒண்ணு எதால வகுபடும்?"

எனக்கு விடை தெரியும், லேப்டாப்ல ஒரு வரியில வந்துடும். "நீங்களே கண்டுபிடிங்கப்பா"ன்னேன்.

3, 7, 11, 13னு ஒவ்வொரு பகா எண்ணா அவர் வகுத்துப் பாத்திருக்கணும். நாலாவது நாள் காலையில, அஞ்சரை மணி இருக்கும், போன் அதிர்ந்தது. குடும்ப குரூப். ரொம்ப மாசம் கழிச்சு அப்பாகிட்ட இருந்து ஒரு மெசேஜ். குட் மார்னிங் இல்ல, கும்பிடு எமோஜி இல்ல. இவ்வளவுதான்:

239 × 4649.

நான் உடனே பதில் போடல. எழுந்து, ஒரு பேப்பர் எடுத்து, பேனாவால பெருக்கிப் பாத்தேன். 1111111. அதுக்கப்புறம்தான் 'சரி அப்பா'ன்னு போட்டேன்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.